தடம் பார்த்து ஃபுட் வாங்குங்கள்: தடித்த தோல் தைக்கிறவர்களுக்கு

சேலம் குகையில் இருக்கும் என் பட்டறையில், மிஷினுக்கு மேலே ஓர் ஆணியில் பழைய பெல்ட் ஒன்று தொங்குகிறது. நான்கு மில்லிமீட்டர் தடிமன், பட்டைத் தோல் (மரப்பட்டைச் சாற்றில் பதப்படுத்தியது), தேன் நிறம். தள்ளி நின்று பார்த்தால் குறை எதுவும் தெரியாது. ஜன்னல் வெளிச்சத்தில் கொஞ்சம் சாய்த்துப் பிடித்தால் தையலின் இரண்டு பக்கமும் சின்னச் சின்னக் கோடுகள் வரிசை கட்டி நிற்கும், யாரோ சீப்பை வைத்து அழுத்திக்கொண்டே போன மாதிரி. நாற்பது பெல்ட் தைத்ததில் அது ஒன்று. வாங்க வந்தவரும் இப்படித்தான் சாய்த்துப் பார்த்தார். நாற்பதையும் வைத்துவிட்டுப் போய்விட்டார். தையல் நேராக இருந்தது, முடிச்சு தோலுக்கு நடுவில் சரியாக இறங்கியிருந்தது, ஓரத்தை மெழுகு போட்டுத் தேய்த்திருந்தோம். தோலின் முகத்தில், அதாவது வெளியே தெரியும் மேல்பக்கத்தில், பிரஷர் ஃபுட்டின் (தைக்கும்போது தோலை மேலிருந்து அமுக்கிப் பிடிக்கிற உலோகப் பாதம்) பல் பதிந்திருந்தது, அவ்வளவுதான் குற்றம்.

மறுநாளே பல் இல்லாத வழவழப்பான ஃபுட் வாங்கி மாட்டினேன். தடம் குறைந்தது, போகவில்லை. கோடுகள் இருந்த இடத்தில் இப்போது நீளமான பள்ளம் விழுந்தது. ஃபுட்டை மாற்றினால் தீரும் வியாதி இல்லை இது என்று அப்போதுதான் உறைத்தது. ஃபுட் அவ்வளவு அழுத்தமாக ஏன் உட்கார வேண்டியிருக்கிறது என்று கேட்டிருக்க வேண்டும். அதைக் கேட்காமல் கடைக்குப் போனால் எந்த ஃபுட் வாங்கினாலும் பாதிக் காசு வீண். சேலத்தில் துணி மிஷினுக்கு வழி சொல்ல ஆள் நிறைய உண்டு. தடித்த தோல் மிஷின் வைத்திருப்பவர்கள் குறைவு: சீட் கவர் தைப்பவர்கள், லாரி இருக்கை செய்பவர்கள், என்னைப்போல பெல்ட்டும் பையும் கருவி உறையும் செய்கிற சிலர். அதனால் கற்றுக்கொண்டதை விவரமாகவே எழுதுகிறேன்.

வீட்டில் இருக்கும் தையல் மிஷினில் துணியை நகர்த்துவது கீழே இருக்கிற பல் மட்டும்தான். மேலே ஃபுட் சும்மா அமுக்கிப் பிடித்திருக்கும், துணி அதன் அடியில் வழுக்கிக்கொண்டு போகும். தோல் அப்படி வழுக்கிப் போகாது. உலோகத்தோடு ஒட்டிக்கொண்டு இழுக்கும். கீழ்த் தோல் முந்திப் போகும், மேல் தோல் பின்தங்கும், முடிக்கும்போது இரண்டு நுனியும் சேராது. போதாததற்கு ஃபுட் தேய்த்த இடமெல்லாம் பளபளவென்று ஒரு கோடு விழும். அதற்காகத்தான் தோல் மிஷினில் ஃபுட்டை இரண்டாகப் பிரித்தார்கள். நாம் வாக்கிங் ஃபுட் என்று சொல்வது இதைத்தான்.

நடுவில் ஊசி புகுந்து போகிற துளையோடு இருப்பது உள் ஃபுட். அதைச் சுற்றி இரண்டு விரல் நீட்டின மாதிரி நிற்பது வெளி ஃபுட். ஊசி தோலுக்குள் இறங்கும்போது உள் ஃபுட்டும் கூடவே இறங்கி அமுக்கும், வெளி ஃபுட் எழுந்துகொள்ளும். ஊசி, உள் ஃபுட், கீழே பல் மூன்றும் சேர்ந்து தோலைப் பின்னால் நகர்த்தும். நகர்த்தி முடித்ததும் வெளி ஃபுட் இறங்கித் தோலைப் பிடித்துக்கொள்ளும், ஊசி மேலே ஏறும், உள் ஃபுட் எழுந்து முன்னால் வரும். ஒரு கால் ஊன்றியிருக்க மறு காலை எடுத்து வைக்கிறோமே, அதே நடைதான். இந்த நடையில் தோல்மேல் உரசல் இல்லை. பதிலுக்கு ஒவ்வொரு தையலுக்கும் ஒரு மிதி விழுகிறது. ஒரு பெல்ட்டில் இரண்டு ஓரமும் தைத்தால் அப்படி ஐநூறு மிதிக்கு மேல் போகும்.

மேசை மாதிரித் தட்டையாக இருக்கிற ஜூகி கம்பெனியின் 1541 வகை மிஷின்களில் பெரும்பாலும் பல் வெட்டிய ஃபுட்தான் மாட்டி வரும். காரணம் இருக்கிறது. அந்த மிஷின்கள் தோலுக்கென்று மட்டும் பிறந்தவை அல்ல. சீட் துணி, கேன்வாஸ், ரெக்சின், பட்டை நாடா எல்லாவற்றையும் தைக்கச் செய்தவை. துணியில் பல் பதிந்தால் உடனே எழும்பிவிடும், யார் கண்ணிலும் படாது. தோலின் முகம் அப்படி மறக்காது. சிலிண்டர் கை வைத்த ஜூகி 441 வகை, அதைப் பார்த்துச் செய்த மற்ற பெரிய மிஷின்கள் எல்லாம் குதிரைச் சேணமும் வாரும் தைக்கிற அளவுக்கானவை. அவற்றுக்கு வழவழப்பான ஃபுட் செட் எளிதாகக் கிடைக்கும்.

பல் ஏன் இவ்வளவு கெடுதல் செய்கிறது என்பதற்கு ஒரு சின்னக் கணக்கு. உதாரணத்துக்கு ஃபுட் 10 கிலோ அழுத்தத்தோடு உட்காருகிறது என்று வையுங்கள். வழவழப்பான ஃபுட்டில் இரண்டு சதுர சென்டிமீட்டர் இடம் தோலில் படுகிறது என்றால், ஒரு சதுர சென்டிமீட்டருக்கு 5 கிலோ. அதே ஃபுட்டில் பல் வெட்டினால் தோலில் முதலில் படுவது பல்லின் முனைகள் மட்டும்தான். எல்லா முனையும் சேர்ந்து அந்த இடத்தில் பத்தில் ஒரு பங்கு வந்தால் அதிகம். அப்போது சதுர சென்டிமீட்டருக்கு 50 கிலோ. ஃபுட்டை அமுக்கும் ஸ்பிரிங் அதேதான், தோலும் அதேதான், சுமை மட்டும் பத்து மடங்கு. செருப்புக் காலால் மிதிப்பதற்கும் குதிகால் முனை ஒன்றால் மிதிப்பதற்கும் உள்ள வித்தியாசம்.

சரி, ஃபுட் வாங்குவதற்கு முன்னால் செய்ய வேண்டிய வேலை ஒன்று இருக்கிறது. தடத்தைப் படிப்பது. எந்த உறுப்பு தோலைக் கடிக்கிறது என்று தெரியாமல் எதை மாற்றுவது?

நான் செய்வது இது. பட்டைத் தோலில் கையகலத் துண்டு ஒன்றை எடுத்து, முகப்பக்கம் ஈரப் பஞ்சால் ஒற்றி, மினுமினுப்பு அடங்கும்வரை விடுவேன். ஈரம் ஏறிய பட்டைத் தோல் பிசைந்த மாவு மாதிரி, எதைப் பதித்தாலும் பிடித்துக்கொள்ளும். தோலில் பூ வேலை செய்பவர்கள் அந்தக் குணத்தை நம்பித்தான் பிழைக்கிறார்கள். ஊசியைக் கழற்றிவிட்டு, நூல் இல்லாமல், அந்தத் துண்டை ஃபுட்டுக்கு அடியில் வைத்துச் சக்கரத்தைக் கையால் நாலு சுற்று சுற்றுங்கள். வெளியே எடுத்தால் உங்கள் மிஷினின் கைரேகை அதில் இருக்கும். ஊசி போகிற கோட்டை ஒட்டியே, அதற்கு இருபுறமும் நெருக்கமாக விழுந்திருந்தால் அது உள் ஃபுட். கோட்டிலிருந்து சில மில்லிமீட்டர் தள்ளி இரண்டு பக்கமும் இணையாகப் போனால் வெளி ஃபுட்டின் விரல்கள். ஒரு பக்கம் ஆழமாகவும் மறுபக்கம் லேசாகவும் இருந்தால் ஃபுட் கோணலாக உட்காருகிறது என்று அர்த்தம். துண்டைத் திருப்பிப் பாருங்கள். சதைப்பக்கம் ஏணிப்படி மாதிரி இருந்தால் கீழ்ப் பல்லின் வேலை. இன்னொன்றையும் கவனியுங்கள். ஃபுட்டின் நடுப்பகுதி பதியாமல் முன் நுனியும் பின் நுனியும் மட்டும் பிறைபோல வெட்டியிருந்தால், அழுத்தம் சரியாகவே இருக்கலாம். விளிம்பு கூராக இருக்கிறது, அதுதான் கடிக்கிறது.

என் பெல்ட்டில் இரண்டு குறையும் இருந்தன. வெளி ஃபுட்டின் பல் ஒரு குறை. அதை மாற்றிய பிறகும் விழுந்த பள்ளம் உள் ஃபுட்டினுடையது, ஸ்பிரிங்கை நான் முறுக்கி வைத்திருந்த முறுக்கில் விழுந்தது. ஏன் முறுக்கினேன்? தளர்த்தினால் தையல் விட்டுவிட்டு விழுந்தது. விஷயத்தின் வேர் இங்கேதான் இருக்கிறது, கொஞ்சம் நின்று பார்க்கலாம்.

ஊசி அடிமட்டம் வரை இறங்கி, மறுபடி மேலே ஏறத் தொடங்கும்போது, அதன் காதுக்குப் பக்கத்தில் நூல் தளர்ந்து சின்ன வளையமாகப் புடைக்கும். மிஷினின் அடியில் சுழலும் கொக்கி வந்து அந்த வளையத்தைப் பிடித்தால் தையல் உண்டு, தவறவிட்டால் தையல் இல்லை. அந்த வளையம் புடைக்க வேண்டுமானால், ஊசி ஏறும்போது தோல் அசையாமல் இருக்க வேண்டும். தடித்த தோல் ஊசியை இறுகப் பிடித்துக்கொள்ளும். ஊசி ஏறினால் தோலும் சேர்ந்து எழும்பும். தோலும் நூலும் கூடவே வந்துவிட்டால் நூல் எங்கே தளரும், வளையம் எங்கே புடைக்கும்? தோலைக் கீழே பிடித்து வைப்பதுதான் உள் ஃபுட்டின் முதல் வேலை. ஆக ஊசி எவ்வளவு பலமாகத் தோலைத் தூக்குகிறதோ, அவ்வளவு பலமாக ஃபுட் அமுக்க வேண்டியிருக்கிறது. தூக்குவதைக் குறைத்தால் அமுக்குவதையும் குறைக்கலாம். தடத்தின் மருந்து பாதி ஊசிப் பெட்டியில் இருக்கிறது.

நான் அந்த நாற்பது பெல்ட்டையும் துணி ஊசியில் தைத்திருந்தேன். தட்டை மிஷினுக்கு 135×17 என்று போட்டு வருவது துணிக்கான உருண்டை முனை, 135×16 என்று வருவது தோலுக்கான வெட்டு முனை. இரண்டும் மிஷினில் உட்காரும், இரண்டும் தைக்கும், கடையில் பக்கத்துப் பக்கத்துப் பெட்டியில் இருக்கும். உருண்டை முனை துணி இழைகளை விலக்கிக்கொண்டு போவதற்கு. தோலில் விலக்க இழை வரிசை கிடையாது, திணித்துக்கொண்டுதான் போக வேண்டும். திணித்துப் போன ஊசியைத் தோல் விடாது. வெட்டு முனை ஒரு சின்னக் கீறல் போட்டு இறங்கும், லகுவாக வெளியே வரும். 441 வகைக்கு 794 என்ற ஊசி வரிசை. அதிலும் வெட்டு முனை பார்த்துத்தான் வாங்க வேண்டும்.

அடுத்தது நூலுக்கும் ஊசிக்கும் பொருத்தம். தடித்த நைலான் நூலைச் சின்ன ஊசியில் கோத்தால் காது வழியே நூல் ஓடாது, தோலின் துளையும் நூலுக்குப் போதாது, எல்லாம் சேர்ந்து தோலை மேலே இழுக்கும். 138 நம்பர் நூலுக்கு 22 அல்லது 23 நம்பர் ஊசி, 207 நூலுக்கு 24, 277 நூலுக்கு 25 என்று வைத்துக்கொண்டால் ஓரளவு சரியாக வரும். தோல் மிகக் கெட்டியாக இருந்தால் ஒரு அளவு கூட்டிப் பாருங்கள். துளை பெரிதாகத் தெரியுமே என்ற பயம் வரும். நூல் நிறைந்துவிட்டால் துளை தெரியாது, ஃபுட் தடம் தெரியும்.

ஊசியைச் சரி செய்த பிறகுதான் ஸ்பிரிங் திருகில் கை வைக்க வேண்டும். தைக்கப்போகிற அதே தோலில், அதே அடுக்கில் ஒரு துண்டை வைத்து, திருகைத் தளர்த்திக்கொண்டே சக்கரத்தைக் கையால் மெதுவாகச் சுற்றுங்கள். கண் ஊசியின் அடியில் இருக்கட்டும். ஊசி ஏறும்போது அதைச் சுற்றியுள்ள தோல் கூடாரம் மாதிரி எழும்பும் ஒரு நிலை வரும். அங்கே நிறுத்தி, கால் சுற்று கால் சுற்றாக இறுக்கிக்கொண்டே வந்தால் எழும்புவது நிற்கும். அதற்கு மேல் இன்னொரு கால் சுற்று, போதும். இரண்டு மில்லிமீட்டர் பைத் தோலுக்கு ஒரு நிலை, எட்டு மில்லிமீட்டர் அடுக்குக்கு ஒரு நிலை என்று திருகின் தலையில் நகப்பூச்சால் புள்ளி வைத்திருக்கிறேன். சிவப்பு பெல்ட்டுக்கு, வெள்ளை பைக்கு.

இப்போது ஃபுட்டுக்கு வரலாம். தோலுக்கு வழவழப்பான அடிதான், அதில் சந்தேகமே வேண்டாம். ‘பல் இல்லாவிட்டால் தோல் நகருமா?’ என்று கேட்பார்கள். தோலுக்குள் குத்தி நிற்கிற ஊசியே அதை இழுத்துக்கொண்டு போகிறதே, மேலிருந்து பல் எதற்கு? எண்ணெய் அதிகம் ஊறிய தோலிலும், திடீரென்று தடிமன் கூடுகிற இடத்திலும் வழவழப்பான ஃபுட் கொஞ்சம் தடுமாறும், தையல் நீளம் சற்றுக் குறையும். அந்த இடத்தில் கையால் சக்கரத்தைச் சுற்றிக் கடந்துவிடலாம். அதற்காக மொத்தப் பெல்ட்டையும் பல்லுக்குக் கொடுக்க வேண்டியதில்லை.

வாங்கும்போது உள் ஃபுட், வெளி ஃபுட் இரண்டையும் ஜோடியாக வாங்குங்கள். பழைய ஜோடியைக் கழற்றிக் கையோடு கொண்டுபோய்த் திருகு வரும் பள்ளம், கழுத்தின் உயரம், இரண்டு விரலுக்கு நடுவில் உள்ள இடைவெளி மூன்றையும் ஒப்பிட்டுப் பாருங்கள். சேலம் கடைகளில் கிடைப்பது பெரும்பாலும் துணி மிஷினுக்கானது. சென்னை பெரியமேட்டில் தோல் சாமான் கடைகள் வரிசையாக இருக்கின்றன, அந்தப் பக்கம் போகிறவர்களிடம் சொல்லி அனுப்பலாம். பார்க்காமல் விட்டுவிடுகிற இன்னொன்று உள் ஃபுட்டின் துளை. ஊசியைவிட அது ரொம்பப் பெரிதாக இருந்தால் அந்த வட்டத்துக்குள்ளேயே தோல் எழும்பும், நாம் ஸ்பிரிங்கை முறுக்குவோம், பழைய கதைதான். ஊசி உரசாமல் போகிற அளவுக்கு மட்டும் துளை இருந்தால் நல்லது.

புது ஃபுட்டை அப்படியே மாட்டக் கூடாது. அடிப்பாகத்தை விரல் நுனியால் தடவிப் பாருங்கள், ஓரங்கள் கத்தி மாதிரி இருக்கும். ஒரு ஃபுட்டைத் தயார் செய்ய எனக்கு ஒரு முழு மதியம் ஆகும். சின்ன அரத்தால் நான்கு விளிம்பையும் உருட்டுவேன். முன் நுனியும் பின் நுனியும் பரிசலின் விளிம்பு மாதிரி லேசாக மேலே வளைந்திருக்க வேண்டும். உள் ஃபுட்டின் துளை வாயையும் விட்டுவிடக் கூடாது. அப்புறம் கண்ணாடித் துண்டின் மேல் உப்புத்தாளைத் தண்ணீர் போட்டு ஒட்டி, 400, 800, 1500 என்று ஏறுமுகமாகத் தேய்ப்பது. கண்ணாடி எதற்கென்றால், கையில் பிடித்துத் தேய்த்தால் அடிப்பாகம் உருண்டையாகி நடுவில் மட்டும் பதியும். தட்டையாக இருந்தால்தான் சுமை எல்லா இடத்துக்கும் பிரியும்.

கடைசி மெருகுக்குச் சேலத்தில் இருப்பவர்களுக்கு ஒரு வசதி உண்டு. கொலுசுப் பட்டறை. செவ்வாய்ப்பேட்டைப் பக்கம் எனக்குத் தெரிந்த ஒருவரிடம் முதல் தடவை ஃபுட்டை நீட்டினேன். வாங்கிப் பார்த்துவிட்டு, “இரும்புங்களா? இந்தச் சக்கரத்துல வெச்சா இரும்புத் தூள் ஏறிக்கும்ங்க. நாளைக்கு வர்ற கொலுசெல்லாம் கீறிப்போயிரும்” என்றார். நான் திரும்பி நடக்கத் தொடங்கியதும் கூப்பிட்டு, தூக்கிப் போட வைத்திருந்த பழைய துணிச் சக்கரம் ஒன்றை மோட்டாரில் மாட்டித் தந்தார். ஐந்து நிமிடம்கூட ஆகவில்லை, ஃபுட்டின் அடியில் என் மூக்கு தெரிந்தது. அந்தச் சக்கரத்தை ‘இரும்பு’ என்று எழுதித் தனியாகவே மாட்டி வைத்திருக்கிறார். அவசரத்தில் யாரும் வெள்ளிக்கு எடுத்துவிடக் கூடாது என்று.

அரம் போட்டுத் தேய்த்த ஃபுட்டில் ஓர் ஆபத்து உண்டு. மேலே இருந்த முலாம் போய்விட்டது, உள்ளே இருப்பது வெறும் இரும்பு. கடுக்காயை இடித்து இரும்போடு ஊறப்போட்டுக் கறுப்பு மை செய்தது நம் ஊர்ப் பழக்கம்தானே. கடுக்காயின் துவர்ப்பும் இரும்பும் சேர்ந்தால் கறுப்பு. பட்டைத் தோலைப் பதப்படுத்துவது அதே துவர்ப்பால்தான். ஆவாரம்பட்டை, வாட்டில் பட்டை, கடுக்காய் எல்லாம் அந்த இனம். ஈரம் காயாத பட்டைத் தோல்மேல் வெறும் இரும்பு ஃபுட் உட்கார்ந்தால் பள்ளத்தோடு கறுப்புக் கறையும் விழும். ஆகவே தினமும் வேலை முடிந்ததும் ஒரு சொட்டு மிஷின் எண்ணெய் தடவி வைப்பது, மறுநாள் சுத்தமாகத் துடைத்துவிட்டுத் தொடங்குவது. கறை விழுந்துவிட்டால் எலுமிச்சைச் சாறு தொட்டுத் தேய்த்துப் பாருங்கள், புதுக்கறை பெரும்பாலும் விடும்.

ஈரம் என்றதும் ஏற்காடு ஞாபகம் வருகிறது. காபி எஸ்டேட் ஒன்றுக்குக் கவாத்துக் கத்தரி உறைகள் செய்யச் சொன்னார்கள், இடுப்புப் பட்டையில் மாட்டிக்கொள்வது. கத்தரிகள் ஒரே அளவில் இல்லாததால் வெட்டிய தோல்களை எடுத்துக்கொண்டு இருபது கொண்டை ஊசி வளைவும் ஏறிப்போய், அங்கேயே அளந்து திருத்தினேன். ஐப்பசி மாதம், விடாத பனிமூட்டம். தோல்கள் இரண்டு ராத்திரி அவர்கள் குடோனில் கிடந்தன. கீழே வந்த அன்றே தைத்தேன். அதே ஃபுட், அதே சிவப்புப் புள்ளி, அதற்கு முந்தின வாரம் தடமே விழாத அதே தோல். ஆனால் ஒவ்வொரு தையலுக்கும் முத்திரை குத்தினமாதிரி விழுந்தது. தொட்டால் ஈரம் தெரியவில்லை; கன்னத்தில் வைத்துப் பார்த்தபோதுதான் ஜில்லென்று இருந்தது. மீதித் தோலை நிழலில் மின்விசிறிக்கு அடியில் இரண்டு நாள் விரித்துவிட்டுத் தைத்தேன், தடம் கண்ணுக்கே தெரியவில்லை. வெயிலில் மட்டும் போட்டுவிடாதீர்கள், விறைத்துப்போகும். சாயம் பூசிய தோல், தண்ணீர்ப் பசை தடவிய தோல், எல்லாவற்றுக்கும் இதே விதி. குரோம் தோல் (குரோமியம் உப்பில் பதப்படுத்தியது) இந்த விஷயத்தில் பரவாயில்லை. அதன் இயல்பே ரப்பர் மாதிரி, அமுக்கினால் திரும்ப எழும்பும்.

கீழ்ப்பக்கத்தை மறந்துவிடுகிறோம். பைக்கு உள்பக்கம் தெரியாது, சரி. பெல்ட்டுக்கு இரண்டு பக்கமும் முகம் வைத்துத் தைத்தால் கீழ்ப் பல் பின்முகத்தைக் கிழித்துக்கொண்டே போகும். பல்லின் முனைகளை அரத்தால் மழுக்கலாம், அல்லது வழவழப்பான பல் வாங்கி மாட்டலாம். 441 வகையில் இன்னொரு வழி உண்டு. கீழ்ப் பல்லைக் கழற்றிவிட்டு, ஊசி முன்னும் பின்னும் போக நீளத் துளை வெட்டிய தட்டையான பிளேட்டை மாட்டுவது. தோலை ஊசியும் உள் ஃபுட்டுமே இழுத்துப் போகும். தையல் நீளம் கொஞ்சம் மாறும், திருத்திக்கொள்ளலாம். பின்முகம் கண்ணாடி மாதிரி வரும்.

ஓரத்தை ஒட்டித் தைக்கும்போது வேறு ஒரு தொந்தரவு. ஓரத்திலிருந்து மூன்று மில்லிமீட்டரில் தையல் போனால் வெளி ஃபுட்டின் வலது விரலுக்கு அடியில் பாதி தோல், பாதி வெறும் காற்று. அந்த விரல் சாயும், இடது விரலின் உள்விளிம்பு தோலில் வெட்டும். அதே தடிமனில் ஒரு கழிவுத் துண்டை வலது பக்கம் முட்டுக்கொடுத்துக் கூடவே நகர்த்திக்கொண்டு போனால் ஃபுட் சமமாக உட்காரும். பெல்ட்டில் பக்கிள் மாட்டுகிற மடிப்பில் எட்டு மில்லிமீட்டரிலிருந்து நான்குக்கு இறங்குகிற இடத்திலும் இதே முட்டுதான். மடிப்பின் நுனியை முன்கூட்டியே சரிவாகச் சீவிவிட்டால் இன்னும் நல்லது. ஒற்றை விரல் ஃபுட்டும் கிடைக்கிறது. அதில் சுமை முழுவதும் ஒரு விரலில் இறங்குவதால் அந்தப் பக்கம் ஆழமாகப் பதியும், மறுபக்கம் சுத்தமாக இருக்கும். வெட்டி எறியப்போகிற பக்கமோ, மடிப்பில் மறையும் பக்கமோ இருந்தால் மட்டும் அதை எடுப்பேன்.

ஃபுட் எழும்பும் உயரத்தையும் பாருங்கள். தடித்த அடுக்குக்காக ஏற்றி வைத்ததை இறக்காமல் மெல்லிய தோல் தைத்தால், ஃபுட் உயரத்திலிருந்து சுத்தியல் மாதிரி விழும். வேகமும் அப்படியே. மெதுவாக ஓடுகிற சர்வோ மோட்டார் மாட்டிய பிறகு என் மிஷின் சத்தமும் குறைந்தது, தடமும் குறைந்தது. சாப்பிடப் போகும்போது ஃபுட்டைத் தோல்மேல் இறக்கி வைத்துவிட்டுப் போவது ரொம்பப் பேருக்கு உள்ள பழக்கம். அரை மணி நேரம் கழித்து வந்தால் அந்த ஓரிடத்தில் மட்டும் ஃபுட்டின் முழு உருவமும் இருக்கும். தொடக்கத்திலும் முடிவிலும் போடுகிற பின் தையலில் ஒரே இடத்தில் மூன்று மிதி விழுகிறது. அதைப் பக்கிளுக்கு அடியிலோ, மடிப்புக்குள்ளோ வருமாறு திட்டமிடலாம்.

கைவசம் வழவழப்பான ஃபுட் இல்லை, நாளைக்குச் சரக்கு கொடுக்க வேண்டும் என்றால்? ஒரு மில்லிமீட்டர் மெல்லிய தோலைச் சொல்யூஷன் போட்டு வெளி ஃபுட்டின் அடியில், வழவழப்பான முகம் கீழே வருமாறு ஒட்டலாம். இரண்டு மூன்று நாள் தாங்கும். எலக்ட்ரீஷியன்கள் வயர்மேல் போட்டுச் சூடு காட்டுகிற சுருங்கும் குழாயை விரல்களில் மாட்டுபவர்களும் உண்டு. எதை ஒட்டினாலும் பக்கவாட்டில் வழியாமல் பார்த்துக்கொள்ளுங்கள், இரண்டு விரலுக்கு நடுவில் உள் ஃபுட் ஏறி இறங்க இடம் வேண்டும். ரெக்சினுக்கும் பளபளப்புத் தோலுக்கும் டெஃப்லான் ஒட்டு நாடா நன்றாக வேலை செய்யும், அவை ஒட்டிக்கொண்டு இழுக்கிற சாதி.

விழுந்த தடத்தை எடுக்க முடியுமா என்று கேட்டால், தோலைப் பொறுத்தது. மெருகு போடாத பட்டைத் தோல் என்றால் ஈரப் பஞ்சால் அந்த இடத்தை மட்டும் ஒற்றி, வழவழப்பான மரக் கட்டையாலோ கண்ணாடி உருண்டையாலோ தையலின் போக்கில் தேய்த்தால் லேசான தடம் அடங்கிவிடும். எண்ணெயும் மெழுகும் ஏற்றிய பிறகு இது நடக்காது, அதனால் தைத்ததும் பார்த்துவிட வேண்டும். குரோம் தோலைக் கொஞ்சம் சூடு காட்டிக் கட்டை விரலால் பிசைந்தால் எழும்பும். மேலே வண்ணப் பூச்சு தடித்திருக்கும் தோலில் பல் பதிந்து பூச்சு விரிந்துவிட்டால் ஒன்றும் செய்ய முடியாது. கண்ணாடி மாதிரி மினுங்கும் பேட்டன்ட் தோலில் லேசான மிதிகூட நிரந்தரம். அந்தத் தோலில் யாராவது வார் கேட்டால் மிஷினை மூடிவிட்டு, துளையைக் குத்தூசியால் போட்டு, மெழுகு நூலில் கையாலேயே தைத்துக் கொடுக்கிறேன். ஒரு வாருக்கு ஒரு நாள் ஆகிறது, கூலியும் அதற்குத் தக்கபடி முதலிலேயே சொல்லிவிடுவேன்.